ஸ்வீடனுக்கு இரண்டு வாரம்: எவ்வளவு ஸ்வீடிஷ் தெரிந்தால் போதும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஜூன் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஸ்வீடன் போகிறேன். ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க், முடிந்தால் வடக்கே கிருனா. அம்மா சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். அங்கே எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும் என்கிறார்கள். அப்படியென்றால் ஸ்வீடிஷ் படிக்கத்தான் வேண்டுமா? ஆறு வாரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?"

ஸ்டாக்ஹோம் புறநகர் ஒன்றில் ஒன்பது வருடம் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பேசிச் சமாளிப்பதற்காக என்றால் ஸ்வீடிஷ் தேவையே இல்லை. பேருந்து ஓட்டுநர், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூடம் முடிந்து வரும் பையன் என்று யாரிடம் வேண்டுமானாலும் ஆங்கிலத்தில் கேட்கலாம். வெளிநாட்டுப் படங்களையும் தொடர்களையும் அவர்கள் குரல் மாற்றிப் போடுவதில்லை, சின்னக் குழந்தைகளுக்கானவை மட்டும் விதிவிலக்கு. மற்றதற்கெல்லாம் கீழே எழுத்து ஓடும், அவ்வளவுதான். அதனால் சிறு வயதிலிருந்தே காதில் ஆங்கிலம் விழுந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் ஸ்வீடிஷில் சொன்னால் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். உங்களுக்கு உதவுவதாக நினைத்துத்தான் அப்படிச் செய்கிறார்கள், மனம் நோக வேண்டாம்.

ஆனால் மனிதர்கள்தான் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். பலகையும் பால் பாக்கெட்டும் தாவாது. ரயில் நடைமேடைத் திரை, கடைக் கதவில் ஒட்டிய தாள், பிஸ்கட் உறையில் பொடி எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியல், காட்டுப் பாதையில் நட்ட எச்சரிக்கை எல்லாம் பெரும்பாலும் ஸ்வீடிஷில்தான் இருக்கும். அதனால் என் யோசனை: ஆறு வாரத்தில் முக்கால்வாசி உழைப்பைக் கண்ணுக்கும் காதுக்கும் போடுங்கள். வாய்க்குப் பத்துப் பன்னிரண்டு சொல் போதும். பயணிகளுக்கான சொற்றொடர்ப் பட்டியல்கள் இதற்கு நேர் தலைகீழாக இருக்கும். "உங்கள் பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்கக் கற்றுக் கொடுப்பார்கள். ரயில் ரத்து என்பதற்கு என்ன சொல் என்று சொல்லித் தர மாட்டார்கள்.

இன்னொன்று, உச்சரிப்பை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். தமிழ் வழியாகப் படியுங்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இரண்டு விஷயங்கள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன.

முதல் விஷயம் குறில், நெடில், ஒற்று. ஸ்வீடிஷில் அழுத்தி உச்சரிக்கும் அசையில் ஒன்று உயிர் நீளும், இல்லையென்றால் மெய் அழுந்தும். ஒரே மெய் எழுதியிருந்தால் பெரும்பாலும் நெடில். அதே மெய்யை இரண்டு தடவை எழுதியிருந்தால் குறில், மெய் நம் ஒற்று போல அழுந்தும். 'தாக்' என்றால் கூரை, 'தக்க்' என்றால் நன்றி. 'க்ளாஸ்' என்றால் கண்ணாடிக் குவளை, 'க்ளஸ்ஸ்' என்றால் ஐஸ்கிரீம். பாடு, பாட்டு வித்தியாசம் தெரிந்தவருக்கு இதையெல்லாம் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் வழியாகப் போகிறவர் இந்த இரண்டு சோடியையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுக் கூரைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது நாக்கை மடிக்கும் எழுத்துகள். ஸ்வீடிஷின் 'த' நம் தந்தையின் த. பல்லில் நாக்கு படும். நாம் ஆங்கிலத்தைப் படித்துப் பழகி, அந்த எழுத்தைக் கண்டாலே 'ட' போட்டுவிடுகிறோம். இங்கே அது தப்பு. ஊர்ப் பெயரே ஸ்தொக்ஹொல்ம் தான், ஸ்டாக்ஹோம் இல்லை. (தமிழில் எழுதிப் பழகிவிட்டதால் நானும் ஸ்டாக்ஹோம் என்றே எழுதுகிறேன்.) அப்படியானால் ட எங்கே வரும்? எழுத்தில் ர்-க்குப் பின்னால் த, ந, ல, ஸ வந்தால் இரண்டும் கலந்து ட, ண, ள, ஷ ஆகிவிடும். குழந்தைக்கு 'பார்ன்' என்று எழுதுவார்கள், சொல்வது 'பாண்'. முத்துக்கு 'பேர்லா' என்று எழுதி 'பேளா' என்பார்கள். வங்கி கார்டு எழுத்தில் 'கொர்த்' போல இருக்கும், சொல்லும்போது 'குட்ட்'. குட்டி என்ற சொல்லில் கடைசி இகரத்தை விழுங்கினால் சரியாக வந்துவிடும். ஐரோப்பாவில் இந்த ட, ண, ள வரிசையை இவ்வளவு தாராளமாகப் புழங்கும் மொழிகள் மிகக் குறைவு. ஸ்வீடிஷும் நார்வீஜியனும் அவற்றில் சேர்த்தி. தெற்கே மால்மோ பக்கம் ர-வைத் தொண்டையில் உருட்டுவார்கள், அங்கே இந்த மடிப்பு கிடையாது. உங்கள் மூன்று ஊர்களிலும் உண்டு.

நம்மிடம் இல்லாதவையும் இருக்கின்றன. ஸ்வீடிஷ் அகரவரிசையில் 29 எழுத்து. கடைசி மூன்றும் தனி எழுத்துகள், அலங்காரப் புள்ளி வைத்த பழைய எழுத்துகள் அல்ல. ஆங்கில 'ஏ' எழுத்தின் தலையில் சின்ன வட்டம் இருந்தால் நம் ஒ அல்லது ஓ. அதன் தலையில் இரண்டு புள்ளி இருந்தால் கிட்டத்தட்ட எ, ஏ. ஆங்கில 'ஓ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருந்தால், நம் ஏ சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் வரும் ஒலி. இந்தக் கடைசி எழுத்து தனியாக நின்றால் தீவு என்று பொருள், பல தீவுகளின் பெயர் வாலில் பார்க்கலாம். அகராதியில் இவற்றைக் கடைசியில் தேட வேண்டும். தொலைபேசியில் ஊர்ப் பெயர் தட்டும்போது புள்ளியை விட்டுவிட்டால் சில சமயம் வேறு ஊர் வரும்.

அப்புறம் எழுத்து ஒன்று ஒலி வேறு என்று ஒரு தொல்லை. இ, எ வகை உயிருக்கு முன்னால் 'கே' எழுத்து வந்தால் ஷ, 'ஜி' எழுத்து வந்தால் ய. கோத்தன்பர்க்கை அங்கே யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், 'யொத்தெபொரி' என்பார்கள். அறிவிப்பில் அது காதில் விழாமல் இறங்க வேண்டிய இடத்தைத் தவற விட்டவர்களை எனக்குத் தெரியும். ஸ்டாக்ஹோமில் எரிக்சன் தலைமையகம் இருக்கும் பகுதிக்கு நம் ஊர் ஐடி ஆட்கள் நிறையப் பேர் வருகிறார்கள். புதிதாக வந்தவர் 'கிஸ்டா' என்பார், ஒரு மாதம் ஆனவர் 'ஷீஸ்தா' என்பார். லின்கோப்பிங் என்று எழுத்தில் தெரிவது லின்ஷொப்பிங். ஆனால் கிருனா மட்டும் கிருனாவேதான். அது வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடி மக்களின் மொழிப் பெயரிலிருந்து வந்தது, ஸ்வீடிஷ் விதி அங்கே செல்லாது.

ஏழு என்ற எண்ணுக்கான ஒலியை எழுதிக் காட்டவே முடியாது. 'ஹ்வூ' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதுகுழலால் அடுப்பு ஊதும்போது வரும் காற்று போல இருக்கும். ஸ்வீடன்காரர்களே ஊருக்கு ஒரு விதமாகத்தான் சொல்கிறார்கள், அதனால் கவலைப்பட வேண்டாம். எண்களில் நமக்கென்றே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஒன்றுக்கு 'எத்த்', எட்டுக்கு 'ஒத்தா'. நம் எட்டும் ஒத்தையும் இடம் மாறிக் கிடக்கின்றன! முதல் வாரம் முழுக்க இதில் தடுக்கி விழுவீர்கள். ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் சொற்களும் சில உண்டு. ஒரு விதமாகச் சொன்னால் வாத்து, இன்னொரு விதமாகச் சொன்னால் ஆவி. இரண்டு வாரப் பயணத்தில் ஆவியைப் பற்றிப் பேச வேண்டி வராது, விட்டுவிடலாம்.

இனி வாய்க்கு வேண்டியது. 'ஹேய்' வணக்கத்துக்கு. கடைக்குள் நுழைந்தால், பேருந்தில் ஏறினால், யாரிடமாவது வழி கேட்கத் தொடங்கினால் முதலில் ஒரு ஹேய். கிளம்பும்போது 'ஹேய்தோ', அல்லது இரண்டு தடவை 'ஹேய் ஹேய்'. நன்றிக்கு 'தக்க்', கூடுதலாக 'தக்க் சோ மிக்கெ'. கூட்டத்தில் வழி விடச் சொல்ல, பேச்சைத் தொடங்க 'உஷெக்தா'. காலை மிதித்துவிட்டால் 'ஃபொளோத்', அதாவது மன்னியுங்கள். 'யா ஃபொஷ்டோர் இந்தெ' என்றால் புரியவில்லை. இந்த மூன்றிலும் ர் கலந்து ஷ, ள, ட ஆகியிருப்பதைக் கவனியுங்கள். யாராவது எதையாவது நீட்டிக்கொண்டு 'வாஷொகூ' என்றால் 'இந்தாங்க' என்று பொருள்.

'ப்ளீஸ்' எங்கே என்று தேடுவீர்கள். அன்றாடப் பேச்சில் அதற்கென்று தனிச் சொல் இல்லை. நாமும் கடையில் 'ஒரு காபி கொடுங்க' என்போம், மரியாதை வினையிலேயே ஒட்டியிருக்கிறது. அவர்கள் கடைசியில் நன்றியை ஒட்டிவிடுவார்கள். 'என் கஃப்பெ, தக்க்.' ஒரு காபி, நன்றி. முடிந்தது. கொடுப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிட்டதால் மறுக்கவும் முடியாது.

மரியாதை என்றதும் நினைவு வருகிறது. நீ, நீங்கள் விஷயத்தில் நமக்கு அங்கே கூச்சமாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே சொல்தான், நம் எழுத்தில் போட்டால் 'தூ'. பார்ப்பதற்குத் துப்புவது போல இருக்கிறது, 'தயவு' என்பதில் வரும் மெல்லிய த என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1960கள் வரை அங்கேயும் நிலைமை சிக்கல்தான். எதிரே நிற்பவரிடமே 'டாக்டருக்குக் காபி வேண்டுமா?' என்று பட்டம் சொல்லிப் படர்க்கையில் பேசுவார்கள். பட்டம் தெரியாவிட்டால் திண்டாட்டம். 1967இல் நாட்டின் மருத்துவ நிர்வாகத் தலைவராக வந்த புரூர் ரெக்ஸேத், தன் ஊழியர்கள் எல்லாரையும் 'தூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அலை ஏற்கெனவே கிளம்பியிருந்தது, இவர் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. சில வருடங்களில் பேராசிரியர், அமைச்சர், மாமியார் எல்லாரும் 'தூ' ஆகிவிட்டார்கள். அரச குடும்பம் மட்டும் பாக்கி. எண்பது வயதுப் பெரியவரை 'தூ' என்று சொல்ல உங்களுக்கு நாக்கு கூசும். சொல்லுங்கள், அவருக்கு ஒன்றும் தோன்றாது. வழியில் பார்ப்பவரை அண்ணா, அக்கா என்பது போன்ற வழக்கமும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் உறவுச் சொற்கள் அவர்களிடம் நம்மைப் போலவே பிரிந்திருக்கின்றன. தாய்மாமனுக்கு 'முர்ப்ரூர்', அப்பாவின் சகோதரனுக்கு 'ஃபர்ப்ரூர்', அம்மாவின் சகோதரிக்கு 'மூஸ்தெர்', அத்தைக்கு 'ஃபஸ்தெர்'. அம்மாவின் அம்மா 'முர்மூர்', அப்பாவின் அம்மா 'ஃபர்மூர்'. அங்கிள், ஆன்ட்டி என்று எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டும் வேலை இல்லை. உங்கள் அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள், இந்த ஆறு சொல்லை அவர் உடனே பிடித்துக்கொள்வார்.

ஆமாம், இல்லை இரண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆமாம் 'யா', இல்லை 'நேய்'. எதிர்மறைக் கேள்வி வரும்போதுதான் ஆபத்து. 'நீங்கள் கறி சாப்பிட மாட்டீர்களா?' என்று கேட்டால் நாம் 'ஆமா' என்போம், மாட்டேன் என்ற பொருளில். அங்கே மாட்டேன் என்றால் 'நேய்' சொல்ல வேண்டும். சாப்பிடுவேன் என்று மறுத்துச் சொல்ல 'யூ' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். நீங்கள் பழக்க தோஷத்தில் 'யா' என்றால் பரிமாறுகிறவர் குழம்பி நிற்பார். கிருனா வரை போனால் இன்னொன்றும் பார்ப்பீர்கள். வடக்கே சிலர் ஆமாம் என்பதற்கு வாய் திறந்து பேசாமல் 'ஷூப்' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். திடுக்கிட வேண்டாம், சம்மதம் என்று பொருள்.

சாப்பாடுதான் உங்களுக்கு முக்கியம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இறைச்சிக்கு 'ஷொத்த்', கோழிக்கு 'ஷிக்லிங்', பன்றிக்கு 'ஃப்லெஸ்க்', ஹாமுக்கு 'ஹ்விங்கா', முட்டைக்கு 'எக்', இறாலுக்கு 'ரேக்கூர்'. இவற்றைவிடப் பெரிய கண்ணி 'நோத்'. கொட்டைப் பருப்புக்கும் மாட்டுக்கும் எழுத்தில் ஒரே சொல். 'நொத்தெர்' என்று இருந்தால் முந்திரி, பாதாம் வகை. 'நோத்ஷொத்த்' என்றால் மாட்டிறைச்சி, 'நோத்ஃபேஷ்' என்றால் அரைத்த மாட்டிறைச்சி. உறையில் முதல் மூன்று எழுத்தைப் பார்த்துப் பருப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'வெகெதாரிஸ்க்' என்ற சொல் நம்பகமானதுதான், ஆனால் அவர்கள் கணக்கில் முட்டை சைவம். பாலும் வெண்ணெயும் இல்லாதது 'வேகான்ஸ்க்'. அம்மாவுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் 'வெகெதாரிஸ்க்த் உதான் எக்' என்று கேளுங்கள். 'உதான்' என்றால் இல்லாமல். இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் பாதிச் சமையலறையை ஆளலாம். வியாழக்கிழமை மதியம் பல உணவகங்களில் மஞ்சள் பட்டாணி சூப்பும் அப்பம் போன்ற பான்கேக்கும் போடுவார்கள். 'எட்சொப்பா' என்று பெயர். பார்ப்பதற்குச் சாட்சாத் பருப்பு போலவே இருக்கும், உள்ளே பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். பான்கேக்கில் முட்டை. மிட்டாய் வாங்கினால் 'ஷெலதீன்' என்ற சொல்லைப் பாருங்கள், ஜெலட்டின்தான் அது.

பால் வாங்கும்போதும் கவனம். 'ம்யொல்க்' பால். பக்கத்திலேயே அதே அளவு, அதே வடிவ அட்டைப் பெட்டியில் 'ஃபீல்' என்று ஒன்று இருக்கும். முதல் வாரம் நான் அதைத்தான் வாங்கி வந்து காபியில் ஊற்றினேன், திரிந்து தயிராக மிதந்தது. அது புளித்த பால். அன்றைக்குத் திட்டினேன், அப்புறம் ஒன்பது வருடமும் அதில்தான் தயிர் சாதம் சாப்பிட்டேன். அம்மாவுக்காக நீங்கள் தேடப்போவதே அதைத்தான். வாங்கும்போது பழச்சுவை சேர்க்காதது பார்த்து எடுங்கள்.

கல்லாவில் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி. ஹேய் சொல்வார், பொருளை ஓட்டுவார், 'போஸெ?' என்பார். பை வேண்டுமா என்று அர்த்தம், காசு உண்டு. 'க்வித்தூ?' என்றால் ரசீது. இரண்டுக்கும் 'யா தக்க்' அல்லது 'நேய் தக்க்'. அவ்வளவில் முடிந்துவிடுகிறது, ஆங்கிலத்துக்குத் தாவ அவருக்கு நேரமே இருக்காது. முழுக்க ஸ்வீடிஷில் ஒரு வியாபாரத்தை முடித்த சந்தோஷம் உங்களுக்கு. 39க்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கோடும் போட்டிருந்தால் 39 குரோனர் என்று படியுங்கள். யூரோ அங்கே செல்லாது. குரோனர் நோட்டும் பல இடங்களில் செல்லாது, 'கொன்தாந்த்ஃப்ரித்த்' என்று பலகை இருந்தால் கார்டு மட்டும். சொல்லின் வாலில் வரும் 'ஃப்ரி' என்பது இலவசம் அல்ல, 'அது இல்லாதது'. சர்க்கரை இல்லாதது, புகை இல்லாதது, ரொக்கம் இல்லாதது. இலவசத்துக்குச் சொல் 'க்ராதிஸ்'. மருந்துக்கடை மாதிரி இடங்களில் நுழைந்தவுடன் எண் சீட்டு எடுக்கும் பெட்டியைத் தேடுங்கள். சீட்டு இல்லாமல் நேராகக் கவுண்டருக்குப் போனால் முதுகில் பத்துப் பார்வை குத்தும்.

நீளமான சொற்களைப் பார்த்து மிரள வேண்டாம். நம் தொகைச்சொல் போலத்தான், ஒட்டி ஒட்டி எழுதுவார்கள், பிரித்தால் பொருள் தெரிந்துவிடும். 'யேண்' இரும்பு, 'வேக்' பாதை. 'யேண்வேக்' என்றால் இருப்புப்பாதை, நம் பழைய சொல் அப்படியே. 'ஹ்வூக்' நோய்ப்பட்ட, 'ஹூஸ்' வீடு, சேர்ந்தால் மருத்துவமனை. காய்கறிக்கு 'பச்சைச் சாமான்' என்ற பொருளில் ஒரு சொல். ஒட்ட வேண்டியதைப் பிரித்து எழுதினால் அவர்களுக்குக் கோபம் வரும், ஒற்று விடுபட்டால் நம் தமிழாசிரியர்களுக்கு வருவது போல. சேர்த்து எழுதினால் கோழி ஈரல், பிரித்து எழுதினால் 'கோழி உயிரோடிருக்கிறது' என்று ஒரு கடைப் பலகை நகைச்சுவை அங்கே ரொம்பப் பிரபலம்.

ரயில் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு சொல்லைத்தான் படிப்பேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் நான் கொடுக்கும் சொல் 'இன்ஸ்தெல்த்'. பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பொருத்தியாகிவிட்டது என்பது போலத் தெரியும். பொருள்: ரத்து. நான் ஒருமுறை பனியில் நாற்பது நிமிடம் திரையில் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே அதே ரயிலுக்காக நின்றிருக்கிறேன். 'ஃபொஷேனத்' என்றால் தாமதம். 'எர்ஸெத்னிங்ஸ்புஸ்' என்று எங்காவது கண்டால் ரயிலுக்குப் பதில் பேருந்து. 'ஆவ்கோங்' புறப்பாடு, 'நெஸ்தா' அடுத்தது, 'மூத்' என்றால் அந்த ஊரை நோக்கி. நடைமேடை எண்ணுக்கு முன்னால் 'ஸ்போர்' என்று இருக்கும், தண்டவாளத் தடம். இதே சொல் சாக்லேட் உறையிலும் வரும், 'கொட்டைப் பருப்பின் தடயம் இருக்கலாம்' என்ற எச்சரிக்கையில். ஆங்கிலத்தில் இரண்டு சொல் வேண்டியிருக்கிறது, தமிழில் தடம் என்ற ஒன்றே இரண்டுக்கும் பொருந்துகிறது.

நேரத்தில் ஒரு பெரிய குழி. 'ஹல்வ் த்ரே' என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி என்று கணக்கு. ஒரு வீட்டில் 'ஹல்வ் ஹ்வூ'வுக்குச் சாப்பிட அழைத்தார்கள். ஏழரை என்று நினைத்துப் போய் நின்றேன், அவர்கள் ஆறரையிலிருந்து உருளைக்கிழங்கை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நேரம் தவறுவது அங்கே சின்னக் குற்றமில்லை. திரைகளில் 24 மணிக் கணக்கு இருப்பதால் தப்பலாம், வாய்மொழியாகச் சொன்னால் திருப்பிக் கேளுங்கள். தூரத்திலும் இப்படி ஒன்று உண்டு. 'மீல்' என்றால் ஆங்கில மைல் கிடையாது, சரியாக 10 கிலோமீட்டர். 'இரண்டு மீல்தான், நடக்கலாமே' என்று நீங்கள் அம்மாவோடு கிளம்பினால் 20 கிலோமீட்டர் நடப்பீர்கள். யாராவது வீட்டுக்கு அழைத்தால் செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள், அது நம் பழக்கம்தான். சாப்பிட்டு எழுந்ததும் 'தக்க் ஃபோர் மாதென்', சாப்பாட்டுக்கு நன்றி. அவர்களை அடுத்த தடவை பார்த்தால் 'தக்க் ஃபோர் செனஸ்த்', போன தடவைக்கு நன்றி. இந்த இரண்டாவதை ஒரு வெளியூர்க்காரர் சொல்லிக் கேட்டால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

ஆறு வாரத்தை எப்படிச் செலவழிப்பது? முதல் இரண்டு வாரம் ஒலி மட்டும். ஸ்வீடிஷ் இன்ஸ்டிட்யூட் இலவசமாக நடத்தும் இணையப் பாடம் ஒன்று இருக்கிறது, ஆங்கிலம் வழி என்றாலும் ஒலிப்பதிவு நன்றாக இருக்கும். ஒவ்வொரு சொல்லையும் கேட்டுவிட்டுத் தமிழ் எழுத்தில் நீங்களே எழுதுங்கள். நான் இங்கே எழுதியதை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் காது எழுதுவதுதான் உங்கள் நாக்குக்கு நிற்கும். எழுத்தும் பேச்சும் அங்கேயும் வேறு வேறு, வாங்குகிறேன் என்று எழுதி வாங்குறேன் என்று பேசும் நமக்கு அது புதிதில்லை. 'நான்' என்பதை 'யாக்' என்று எழுதுவார்கள், சொல்வது 'யா'. மூன்றாவது, நான்காவது வாரம் உணவுச் சொற்களும் ரயில் சொற்களும். அங்குள்ள பல்பொருள் அங்காடிகளின் இணையதளங்களில் படத்தோடு பொருள் பட்டியல் இருக்கும், தினம் பத்து உறையைப் படித்து அம்மா சாப்பிடலாமா கூடாதா என்று சொல்லிப் பாருங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கடைசி இரண்டு வாரம் காதுக்கு. ஸ்வீடிஷ் வானொலி எளிய ஸ்வீடிஷில் செய்தி வாசிக்கிறது. 'ஒத்தா சீதூர்', அதாவது எட்டுப் பக்கம் என்று எளிய நடைச் செய்தித்தாளும் உண்டு, இணையத்தில் படிக்கலாம். இலக்கணத்தைத் தொடவே வேண்டாம். ஆங்கிலத்தில் முன்னால் வரும் 'தி' அங்கே சொல்லின் பின்னால் விகுதியாக ஒட்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும், இல்லையென்றால் 'ஹிஸ்' என்ற லிஃப்டைப் படித்துவிட்டு 'ஹிஸ்ஸென்' என்ற பலகையில் தடுமாறுவீர்கள்.

ஒஸ்லோவில் உறவினர் யாராவது இருந்தால் அவர்களிடமே பழகலாம், ஈழத் தமிழர் பலர் அங்கே பல்லாண்டுகளாக இருக்கிறார்கள். நார்வீஜியன் தெரிந்தவருக்கு ஸ்வீடிஷ் பெரும்பாலும் புரியும். ஆனால் 'ரூலிக்' என்ற சொல்லில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நார்வேயில் அமைதியான, ஸ்வீடனில் ஜாலியான.

ஆபத்துக்கு எண் 112, ஆங்கிலத்தில் பேசலாம். கழிப்பறைக் கதவில் 'லேதித்' என்றால் காலி, 'உப்தாகெத்' என்றால் ஆள் இருக்கிறது.

ஜூன் என்றீர்களே, தேதியை ஒரு தடவை பாருங்கள். 19 முதல் 25க்குள் வரும் வெள்ளிக்கிழமை, மிட்சொம்மர் என்ற கோடைத் திருவிழாவுக்கு முந்தைய நாள். நம் பொங்கலைப் போல ஊரே சொந்தக் கிராமத்துக்கும் தீவுக்கும் போய்விடும். வெள்ளி மதியத்திலிருந்து பல கடைக் கதவுகளில் 'ஸ்தெங்த்', அதாவது மூடியிருக்கிறது என்ற சொல்லைத்தான் பார்ப்பீர்கள். வியாழக்கிழமையே ஃபீலும் அரிசியும் வாங்கி வைத்துவிடுங்கள்.